ஆய்வுக்கூடமும் அடுக்களையும்: பெற்றோர்க்கு அறிவியலை எளிய தமிழில் உரைத்தல்

முன்னுரை

ஓர் ஆய்வின் முடிவு ஆய்விதழில் அச்சேறியதும் ஆய்வாளரின் பணி பெரும்பாலும் நிறைவடைந்துவிடுகிறது. ஆனால் அம்முடிவு ஒரு குழந்தையின் உயிரைக் காக்க வேண்டுமாயின், அது அக்குழந்தையைப் பெற்றோரின் உள்ளத்தைச் சென்றடைதல் வேண்டும். ஆய்வுக்கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையே உள்ள இத்தொலைவைக் கடப்பதற்குரிய ஊர்தி மொழியேயாகும். ஆகவே, அறிவியலைப் பெற்றோர்க்கு விளங்கவுரைத்தல் மருத்துவருக்கு மட்டும் உரிய கடமையன்று. மொழி பயில்வோர்க்கும் உரிய கடமையாகும்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவ மாணவியர் நாளை ஆசிரியராகவும் இதழாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கவிருப்பவர்கள். அவர்களைத் தேடி, குழந்தையின் தடுப்பூசிச் சீட்டோடும் மருந்துச் சீட்டோடும் அண்டை வீட்டார் வருவர். 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்னும் அவ்வினாவிற்கு விடையளிக்கும் நெறிமுறைகளை, மெய்யாக நிகழ்ந்த சில ஆய்வுகளின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் வகுத்த வழி

கற்றோர்க்குரிய அறிவை மற்றோர்க்கும் உரியதாக்குதல் புதிய எண்ணமன்று. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்தறிந்து தனி நூல் யாத்தவர். அவரே 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்னும் பெயரில் மற்றொரு நூலையும் எழுதினார். 'அருகில் மருத்துவர் இல்லாதவருக்கு' என்பது அத்தலைப்பின் கருத்து. மருத்துவரை நாடும் வாய்ப்பற்ற எளியோர் தாமே அறிந்துகொள்ளும் பொருட்டு எழுந்த நூல் அது. பேரறிஞர் ஒருவர் எளியோர்க்கென எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தமிழுலகிலும் இவ்வழி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அரபுத் தமிழில் எழுந்த நூல்கள், அரபு எழுத்தை மட்டும் அறிந்திருந்த இல்லத்துப் பெண்களுக்கு மார்க்கச் சட்டங்களைத் தாய்மொழியில் கொண்டு சேர்த்தன. நம் காலத்தில் 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா, மருத்துவம், கணினி முதலிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் கண்டு, 2017இல் மறையும் வரை அறிவியல் தமிழுக்கே தம் வாழ்வை அளித்தார்.

இவர்கள் அனைவரும் அறிவிற்குரிய சொற்களை ஆக்கித் தந்தனர். அச்சொற்களைக் கொண்டு ஒரு தாய்க்கு விளங்குமாறு பேசுதல் நம் பங்கிற்குரிய பணியாகும்.

உப்பும் சர்க்கரையும் கற்பித்த பாடம்

குழந்தைகளின் வயிற்றுப்போக்கை முதற்சான்றாகக் கொள்வோம். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பெரிதும் பறிப்பது, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுதலே. ஆயினும், 'வயிறு ஓய்வு பெறட்டும்' எனக் கருதித் தண்ணீரையும் பாலையும் நிறுத்திவிடும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்தது. அன்பினால் செய்யப்பட்ட அச்செயலே குழந்தைக்குக் கேடாயிற்று.

வெறும் நீரைக் கொடுத்தால் போதாது. உப்பு நீரைக் கொடுத்தாலும் நோயுற்ற குடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. ஆனால் உப்போடு சர்க்கரையும் தக்க அளவில் சேருமாயின் குடல் அவ்விரண்டையும் ஒருங்கே உள்வாங்குகிறது. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. குடற்சுவரில் ஒரு சிறு கதவு இருப்பதாகக் கொள்வோம். உப்பும் சர்க்கரையும் கைகோத்து வந்தால்தான் அக்கதவு திறக்கும். காலரா நோயிலும் இக்கதவு பழுதுபடுவதில்லை. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு டாக்காவிலும் கல்கத்தாவிலும் 1960களில் ஆய்வுகள் நிகழ்ந்தன. வாய்வழியே கரைசல் கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றலாம் என்பதை, டாக்கா ஆய்வின் முடிவுகள் 1968இல் உலகிற்கு அறிவித்தன.

மூன்றாண்டுகளில் இதற்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. 1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர் முகாம்களில் காலரா பரவியது. போங்காவ்ன் நகரில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலநாபிஸ், நரம்பு வழியே ஏற்றும் சலைன் போதாமையால், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் கலந்த பொட்டலங்களை நீரில் கரைத்துக் கொடுக்கச் செய்தார். கோப்பையில் ஏந்திப் புகட்டியவர்கள் நோயாளிகளின் உற்றார் உறவினரே. நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது.

அம்மருத்துவர் கையாண்ட மொழித்திறம் நம் கருத்திற்குரியது. 'வாயால் குடிக்கும் நீர் உயிரைக் காக்குமா?' என ஐயுற்றோரிடம் அவர் அதனை 'வாய்வழிச் சலைன்' என்றே அறிமுகப்படுத்தினார். சலைன் என்றால் உயிர் காப்பது என்பதை மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். அறிந்த சொல்லின் வழியே அறியாத பொருள் அவர்கள் உள்ளத்தில் புகுந்தது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்னும் கல்வி நெறிக்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

பன்னிரண்டு நூறாயிரம் அன்று, ஒரு கோடிக்கும் மேல்

முகாமில் வென்ற முறை ஊர்தோறும் சென்றது எவ்வாறு? வங்கதேசத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபித் 1972இல் நிறுவிய 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று தாய்மார்க்கு இக்கரைசலைக் கற்பித்தது. 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இல்லங்களை அப்பணி சென்றடைந்தது. எழுதப் படிக்க அறியாத தாய்மாரே பெரும்பான்மையினர். ஆகவே கிராம், மில்லிலிட்டர் என்னும் அளவைகளுக்கு அங்கு இடமில்லை. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்பதே அவர்கள் கற்பித்த வாய்பாடு. கையே அளவுகோலாயிற்று.

இப்பணியிலிருந்து நாம் கற்கத்தக்கவை நான்கு.

முதலாவது, செய்திச் சுருக்கம். நினைவில் கொள்ள வேண்டியவற்றைப் பத்துக் குறிப்புகளாகத் தொகுத்துத் தொடங்கியவர்கள், பின்னர் அவற்றை ஏழாகக் குறைத்தனர். சொல்ல வேண்டியவை யாவற்றையும் சொல்லிவிடுதல் விளக்கமாகாது. நெஞ்சில் நிற்க வேண்டியவற்றை மட்டும் நிறுத்துதலே விளக்கம்.

இரண்டாவது, கேட்டவரே செய்து காட்டுதல். பணியாளர் கலந்து காட்டியதோடு அமையாமல், தாயைத் தம் கையால் கலக்கச் செய்தார். சில வாரங்களுக்குப் பின் வேறொருவர் வந்து, தாய்மாருள் ஒரு பகுதியினரைச் சோதித்துப் பார்த்தார். தாய்மார் எந்த அளவிற்கு நினைவில் வைத்திருந்தனரோ, அந்த அளவிற்கே பணியாளர்க்கு ஊதியம் கணக்கிடப்பட்டது. கேட்டவர் மறந்துவிட்டால் அது சொன்னவரின் குறையே என்னும் கொள்கை அதில் அடங்கியிருந்தது.

மூன்றாவது, சொல்பவரின் நம்பிக்கை. தாய்மார் கரைசலைச் செய்யக் கற்றிருந்தும் தொடக்கத்தில் மிகச் சிலரே அதனைப் பயன்படுத்தினர். காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த பணியாளர்களே தமக்கு நோய் வந்தபோது அதனை நம்பாதிருந்தமை தெரியவந்தது. அதன்பின், இக்கரைசல் எவ்வாறு வேலை செய்கிறது என்பது பணியாளர்க்கு விளக்கப்பட்டது. காரணம் அறியாதவர் கட்டளையைத்தான் ஒப்பிக்க முடியும். காரணம் அறிந்தவரே விளக்க முடியும்.

நான்காவது, இல்லத்தின் ஆடவரையும் ஈடுபடுத்துதல். தாயிடம் மட்டும் பேசிய செய்தி தந்தையின் ஐயத்தால் தடைப்பட்டது. ஆகவே பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சந்தைகளிலும் ஆடவரைக் கூட்டி விளக்கினர். பெற்றோர் என்னும் சொல் இருவரையும் குறிப்பது. நம் குடும்பங்களிலோ பாட்டியும் முடிவெடுப்பவருள் ஒருவர். அவரை விடுத்து உம்மாவிடமும் வாப்பாவிடமும் மட்டும் பேசினால் பணி பாதியிலேயே நின்றுவிடும்.

இன்று அளவு பிசகாத பொட்டலங்கள் எங்கும் கிடைக்கின்றன, அவையே சிறந்தவை. பொட்டலத்தின்மேல் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்தல் வேண்டும். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் மேடில்லாமல் தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்துதல் கூடாது. 2004 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் துத்தநாக மருந்தையும் 10 முதல் 14 நாள் வரை கொடுக்குமாறு பரிந்துரைக்கிறது. கண்கள் குழிதல், சிறுநீர் குறைதல், குடிக்கவும் இயலாத சோர்வு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எண்களுக்கு உரை காணல்

பெற்றோரைப் பெரிதும் மருட்டுபவை ஆய்வுகளில் வரும் எண்கள். குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்குப் பெருங்காரணமான ரோட்டா வைரசுக்கு எதிராக இந்தியாவில் உருவான 'ரோட்டாவாக்' தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்வோம். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பிறந்த குழந்தைகளிடம் 1980களில் மருத்துவர் எம்.கே. பான் குழுவினர் கண்டறிந்த ஒரு வைரசு வகையே இதற்கு வித்து. அவ்வைரசு தொற்றியும் அக்குழந்தைகள் நோயுறவில்லை என்பது அவர்களின் கருத்தை ஈர்த்தது. பின்னர் அம்மருந்து தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆராயப்பட்டது. 2014இல் வெளியான முடிவு, கடும் நோயைத் தடுப்பதில் அதன் பயன் திறன் 53.6 விழுக்காடு என்றது.

இவ்வெண்ணைக் கேட்ட தந்தை, 'அப்படியானால் பாதிக் குழந்தைகளுக்கு நோய் வந்துவிடுமா?' என வினவுதல் இயல்பே. அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று. விழுக்காடு என்னும் கணக்கு எதற்கு எது என்பதைச் சொல்லாமல் விடுவதால் எழுவது. இதனைப் படிப்படியாக விளக்குதல் வேண்டும்.

குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். எவர் எப்பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையே முடிவு செய்தது. வசதியுள்ளோர் ஒருபுறமும் வறியோர் மறுபுறமும் சேர்ந்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஒரு பிரிவிற்கு மருந்து. மற்றதற்கு மருந்து போலவே தோன்றும் வெற்றுத் துளி. எது எவருக்குச் சென்றது என்பதைப் பெற்றோரும் அறியார். குழந்தையைப் பார்வையிட்ட மருத்துவரும் அறியார். விருப்பு வெறுப்பு கணக்கில் கலவாதிருக்கவே இந்த மறைப்பு.

மருந்து பெற்றோர் 4,532 பேர்; வெற்றுத் துளி பெற்றோர் 2,267 பேர். அதாவது இருவருக்கு ஒருவர். கடும் நோய் நிகழ்வுகள் மருந்துப் பிரிவில் 71. வெற்றுத் துளிப் பிரிவில் 76. மேலோட்டமாகப் பார்ப்பவர் '71க்கும் 76க்கும் என்ன வேறுபாடு?' என்பார். ஆனால் மருந்துப் பிரிவு இரு மடங்கு பெரியது. மருந்தினால் பயனே இல்லையெனில் அங்கு ஏறத்தாழ 152 நிகழ்வுகள் இருந்திருக்க வேண்டும். இருந்தவையோ 71.

இதனையே பெற்றோர்க்கு இவ்வாறு கூறலாம்: 'மருந்து பெறாத ஆயிரம் குழந்தைகளை ஓராண்டு கவனித்தால், அவர்களிடையே இந்நோய் ஏறத்தாழ 32 முறை கடுமையாகத் தாக்கும். மருந்து பெற்ற ஆயிரம் குழந்தைகளிடையே ஏறத்தாழ 15 முறை. ஆக, ஆயிரம் பேரில் 17 முறை கடும் நோய் தவிர்க்கப்படுகிறது.' இவ்வாறு கூறினால் தந்தையின் ஐயம் தீரும். மருந்து பெறாவிடினும் பெரும்பாலான குழந்தைகள் அவ்வாண்டில் கடும் நோய்க்கு ஆளாவதில்லை. பெற்றாலும் சிலர் ஆளாகலாம். ஆயினும் இடர் பாதிக்கும் கீழாகக் குறைகிறது. மூன்று செய்திகளும் உண்மை. மூன்றையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

'53.6' என்னும் எண் கல்லில் பொறித்தது போன்றதன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. உண்மை அளவு 35க்கும் 67க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம் என்றே ஆய்வாளர்களும் கணித்தனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பவர் அறியாததன்று இது. ஒரு சோற்றைவிடக் கைப்பிடிச் சோறு உறுதியான பதம் தரும். எனினும் பானை முழுவதையும் உண்டு பார்த்தது போலாகாது. ஆய்வில் சேர்ந்தோர் தொகை பெருகப் பெருக இவ்விடைவெளி சுருங்கும்.

தீங்குகளையும் உரைத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1998இல் ஒப்புதல் பெற்ற முதல் ரோட்டா தடுப்பு மருந்து, ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளுள் ஒருவருக்குக் குடற்செருகல் என்னும் கேட்டை விளைத்தமையால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. பின்வந்த மருந்துகள் இக்கேட்டினைக் கருத்தில் கொண்டே ஆராயப்பட்டன, இன்றும் கண்காணிக்கப்படுகின்றன. இதனைச் சொன்னால் பெற்றோர் அஞ்சி ஓடுவர் எனச் சிலர் கருதுவர். நாம் மறைத்து, பிறர் வாயிலாக அவர்கள் அறிய நேர்ந்தால், மருந்தின் மீது மட்டுமன்று, நம் சொல்லின் மீதும் நம்பிக்கை போய்விடும். இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழகத்திற்கும் வந்தது. குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களில் வாய்வழியே கொடுக்கப்படுகிறது.

காக்கையும் பனம்பழமும்

தொடர்ந்து நிகழ்வது வேறு. காரணமாக நிகழ்வது வேறு. இவ்வேறுபாட்டைப் பெற்றோர்க்கு உணர்த்தத் தமிழில் ஒரு பழமொழியே போதும்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.

1998இல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவர் குழுவினரும் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் இடம்பெற்ற குழந்தைகள் பன்னிருவரே. அவர்களுள் எண்மரின் நடத்தை மாற்றங்களை, தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா ஆகிய மூன்றிற்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியோடு பெற்றோர் தொடர்புபடுத்தினர் என்றது அக்கட்டுரை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு அதில் இல்லை. எனினும் 'தடுப்பூசியால் ஆட்டிசம்' என்னும் அச்சம் காட்டுத்தீயாகப் பரவியது. இங்கிலாந்தில் இவ்வூசி பெற்ற குழந்தைகளின் அளவு 92 விழுக்காட்டிலிருந்து 2003-04இல் 80 விழுக்காட்டிற்கு இறங்கியது. 2012-13இல் வேல்சு நாட்டின் சுவான்சீ பகுதியில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரைத் தட்டம்மை பற்றியது.

ஆய்வில் நேர்மையின்மை கண்டறியப்பட்டு, 2010இல் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே அம்மருத்துவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, ஊசி பெற்றோரிடையே ஆட்டிசம் மிகவில்லை எனக் காட்டியது.

ஆயினும் அப்பெற்றோர் பொய் சொன்னார்கள் எனக் கொள்ளுதல் தவறு. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணுக்குப் புலப்படும் பருவமும் இவ்வூசி போடும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. ஊசி போடாத குழந்தைகளிடமும் அதே பருவத்தில் அவ்வடையாளங்கள் தோன்றுகின்றன. பழம் விழும் காலத்தில் காக்கையும் வந்தமர்ந்தது, அவ்வளவே. தம் கண்ணால் கண்டதைச் சொல்லும் தாயிடம் 'நீங்கள் கண்டது பொய்' என்பதைவிட, 'நீங்கள் கண்டது மெய். அதற்குக் காரணம் எது என்பதைத்தான் ஆய்வு தேடியது' என்பதே பொருந்தும் விடை.

தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடைபெற்றபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் பல பெற்றோர் தயங்கினர். வதந்தி எளிய தமிழில் இருந்தது. மறுப்போ பெரும்பாலும் அலுவலகத் தமிழில் இருந்தது. எளிமை பொய்யின் பக்கமும் கடுமை உண்மையின் பக்கமும் நின்றுவிடின், வெல்வது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யார் சொல்கிறார் என்பதும் கருதத்தக்கது. உத்தரப்பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து மகப்பேற்றைக் கெடுக்கும் என்னும் வதந்தி எளிய முஸ்லிம் குடியிருப்புகளில் வேரூன்றியிருந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்து ஆகியவையும் உலமாப் பெருமக்களும் துணைநின்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் சொட்டு மருந்து நாளை அறிவித்தன. 2011 ஜனவரி 13க்குப் பின் இந்தியாவில் இயல்பான போலியோ வைரசால் எக்குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27 அன்று அதற்கான சான்று வழங்கப்பட்டது.

சொல்லாட்சி நெறிகள்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, தமிழில் எழுதுவோர்க்குரிய சில நெறிகளை வகுக்கலாம்.

1. இல்லத்தில் வழங்கும் பெயரை அறிதல் வேண்டும். அரசுத் தாளில் 'தட்டம்மை' என்பது பல ஊர்களில் 'மணல்வாரி'. இரண்டையும் சேர்த்தெழுதினால்தான் தாய் தன் குழந்தைக்குரிய செய்தி அதுவென அறிவாள்.

2. இருபொருள் தரும் சொல்லைத் தவிர்த்தல் வேண்டும். 'பேதி மருந்து' என்பது பேதியை நிறுத்தும் மருந்தா, பேதியாகச் செய்யும் மருந்தா? நம் வழக்கில் இரண்டாவது பொருளே வலிமையுடையது. 'வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து' என விரித்தெழுதுதலே தக்கது.

3. புள்ளியியலில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்பது தற்செயலாய் நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்னும் பொருளினது. படிப்பவரோ அதனைப் 'பெரிய வேறுபாடு' எனக் கொள்வர். ஆகவே, 'இவ்வேறுபாடு தற்செயலாய் வந்ததாகத் தோன்றவில்லை' எனவும், வேறுபாடு எவ்வளவு எனவும் தனித்தனியே கூறுதல் வேண்டும்.

4. வினை கூறுங்கால் அளவறிந்து கூறுதல் வேண்டும். 'மெய்ப்பித்தது', 'காட்டுகிறது', 'ஐயுறச் செய்கிறது' ஆகிய மூன்றும் ஒன்றல்ல. பன்னிரு குழந்தைகளைக் கண்ட ஆய்வு ஐயுறச் செய்யலாம், மெய்ப்பிக்க இயலாது.

5. செய்பவரை வெளிப்படுத்துதல் வேண்டும். 'வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு நீரிழப்பு ஈடுசெய் கரைசல் தொடர்ச்சியாக வழங்கப்படுதல் பரிந்துரைக்கப்படுகிறது' என்னும் தொடரில் யார் கொடுப்பது என்பதே இல்லை. 'குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போனபின்பும் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாக நீங்கள் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள்' என்பதில் செய்பவர், காலம், முறை யாவும் விளங்குகின்றன. எளிய தொடர் சில சொற்கள் நீளலாம். அதில் இழுக்கில்லை.

6. கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். 'புரிந்ததா?' என்னும் வினாவிற்கு மரியாதை கருதி எவரும் 'புரிந்தது' என்றே விடையிறுப்பர். 'வீட்டிற்குச் சென்றதும் மாமியார் கேட்டால் என்ன சொல்வீர்கள்?' என வினவினால் உண்மை நிலை தெரியும்.

எளிமை குறித்து ஒரு மறுப்பு எழுதல் கூடும். எளிமைப்படுத்தினால் அறிவியலின் நுட்பம் கெடும் என்பர் சிலர். நுட்பத்தைக் கெடுப்பது எளிமையன்று, விடுபாடே. 'இம்மருந்து நோயை ஒழிக்கும்' என்பது எளிய தொடர், ஆனால் பொய். 'இம்மருந்து கடும் நோயைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கும்' என்பதும் எளிய தொடரே, ஆனால் மெய். கடினமான சொல்லால் மெய்ம்மை கூடுவதுமில்லை, எளிய சொல்லால் அது குறைவதுமில்லை.

முடிவுரை

திருமறையின் முதல் அருள்வெளிப்பாடு ஓதுதலையும் எழுதுகோலையும் பற்றியது என்பதை நம் மாணவ மாணவியர் நன்கறிவர். எழுதுகோல் பெற்றவர் பெறாதவர்க்குக் கடன்பட்டவர் ஆவர். ஒரு குழந்தைக்கு எது நல்லது என்று முடிவெடுக்கும் உரிமை பெற்றோருடையது. அம்முடிவிற்கு வேண்டிய உண்மைகளை அவர்கள் மொழியில், கூட்டாமலும் குறைக்காமலும் வைத்தல் கற்றோரின் கடன்.

தமிழ்த்துறை மாணவர்கள் தத்தம் ஊரின் நலவாழ்வு நிலையத்தில் கிடைக்கும் ஓர் அறிவிப்புத் தாளை எடுத்து, மேற்கண்ட நெறிகளின்படி திருத்தி எழுதி, அங்குள்ள செவிலியரிடம் காட்டிப் பிழை நீக்கி, பின்னர் அண்டை வீட்டுத் தாய் ஒருவரிடம் படித்துக் காட்டுவார்களாக. அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறாரோ அச்சொல்லே திருத்தத்திற்குரியது. இத்தகைய பத்துத் தாள்கள் ஓராண்டில் உருவானாலும் அவை ஓர் ஊருக்குப் பயன்படும். அறிவியல் தமிழ் அகராதியில் பிறந்து வகுப்பறையில் வளர்ந்தது. அது இல்லந்தோறும் வாழ்வதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!